பனிநிலை 24-இல் ஒரு மாரத்தான்

மாரத்தானுக்கு முந்தைய நாள் மாலையில் வானிலைச் செயலியைத் திறந்து பார்க்காத ஓட்டக்காரர் இருக்க முடியாது. பெரும்பாலோர் அதில் வெப்பநிலையை மட்டும் பார்ப்பார்கள். சற்று விவரம் அறிந்தவர்கள் ஈரப்பதச் சதவீதத்தையும் பார்ப்பார்கள். நானோ, செயலியின் அடிப்பகுதியில் யாரும் சீண்டாமல் கிடக்கும் பனிநிலை (dew point) என்ற எண்ணைத்தான் முதலில் தேடுகிறேன். காற்றிலுள்ள நீராவி பனித்துளியாக மாறத் தொடங்கும் வெப்பநிலை அது; அது உயர உயரக் காற்றில் ஈரம் அதிகம் என்று பொருள். அண்மையில் நான் ஓடி முடித்த மாரத்தானுக்கு அந்த எண் 24 டிகிரி செல்சியஸ் என்று காட்டியது. அதைப் பார்த்த மாத்திரத்தில், பல மாதங்களாக மனத்தில் வைத்திருந்த இலக்கு நேரத்தை எடுத்து ஓரமாக வைத்துவிட்டேன். அந்த முடிவுக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. ஈரமும் வெப்பமும் ஒன்றுசேர்ந்த காற்றில் நெடுந்தொலைவு ஓடுகிறவர் எவருக்கும் அந்தக் கணக்கு பயன்படும் என்பதால், அதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

ஓடும் உடல் எவ்வளவு வெப்பத்தை உண்டாக்குகிறது என்பதை எண்களாகப் பார்த்தால்தான் சிக்கலின் அளவு புரியும். சமதரையில் ஓடுபவர், தம் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும், கிலோமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிலோகலோரி ஆற்றலைச் செலவிடுகிறார். 60 கிலோ எடையுள்ள ஒருவர் 42.195 கிலோமீட்டரை முடிக்கும்போது ஏறக்குறைய 2,500 கிலோகலோரி செலவாகியிருக்கும். அதில் முக்கால் பங்காவது வெப்பமாக மாறி உடலுக்குள் சேரும். அவர் மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் ஓடினால், ஒரு மணி நேரத்தில் உண்டாகும் வெப்பம் சுமார் 450 கிலோகலோரி. அந்த உடலின் வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்த 50 கிலோகலோரி போதும். ஆகவே, வெப்பம் வெளியேற வழியே இல்லை என்று வைத்துக்கொண்டால், ஏழு நிமிடத்துக்கு ஒரு டிகிரி வீதம் உடல் சூடேறிக்கொண்டே போகும். 37 டிகிரியில் புறப்பட்டவர் இருபது நிமிடங்களில் 40 டிகிரியைத் தொட்டுவிடுவார். நான்கு மணி நேரம், ஐந்து மணி நேரம் ஓடிய பிறகும் நாம் நல்லபடியாக வீடு திரும்புகிறோம் என்றால், அந்த நேரம் முழுவதும் உடல் ஓயாமல் வெப்பத்தை வெளியே தள்ளிக்கொண்டே இருந்திருக்கிறது என்று பொருள்.

குளிர்ந்த நாளில் இந்த வேலை எளிது. ஓடுபவரின் தோல் 30 டிகிரிக்கு மேல் சூடாக இருக்க, சுற்றியுள்ள காற்று 10 டிகிரியில் இருந்தால், வெப்பம் தானாகவே தோலிலிருந்து காற்றுக்குப் போய்விடும். காற்றின் வெப்பநிலை தோலின் வெப்பநிலையை நெருங்க நெருங்க அந்த வழி அடைபட்டு, வியர்வை ஆவியாதல் ஒன்றே மிஞ்சுகிறது. ஒரு லிட்டர் வியர்வை தோலின் மேலேயே முழுதாக ஆவியானால் ஏறத்தாழ 580 கிலோகலோரி வெப்பத்தை எடுத்துச்செல்லும். மேலே சொன்ன 60 கிலோ ஓட்டக்காரரின் மொத்த வெப்பத்தையும் ஆவியாதல் ஒன்றினாலேயே வெளியேற்றுவதற்கு மூன்றேகால் லிட்டர் வியர்வை போதும். வியர்த்துக் கொட்டுகிற யாருக்கும் இது பெரிய அளவாகத் தோன்றாது. மணிக்கு ஒன்றரை லிட்டர் வியர்ப்பவர்கள் ஏராளம். ஆனால் இந்தக் கணக்கு ஆவியான வியர்வைக்கு மட்டுமே பொருந்தும். நெற்றியிலிருந்து சொட்டிய துளியும், முழங்கையிலிருந்து தெறித்த துளியும், காலுறைக்குள் வடிந்த துளியும் உடலைக் குளிர்விப்பதில் எந்தப் பங்கும் ஆற்றுவதில்லை. அவை உடலிலிருந்து நீரையும் உப்பையும் கொண்டுபோவதோடு சரி.

எவ்வளவு வியர்வை ஆவியாகும் என்பதைத் தீர்மானிப்பது, தோலின் மேலுள்ள நீராவியின் அழுத்தத்துக்கும் காற்றிலுள்ள நீராவியின் அழுத்தத்துக்கும் இடையிலான வேறுபாடு. 35 டிகிரியில் இருக்கும் ஈரமான தோலில் அந்த அழுத்தம் சுமார் 56 மில்லிபார். பனிநிலை 5 டிகிரி உள்ள வறண்ட காற்றில் அது 9 மில்லிபார் அளவில் இருக்கும்; பனிநிலை 24 டிகிரி உள்ள காற்றில் 30 மில்லிபார். முன்னதில் 47 மில்லிபார் வேறுபாடு வியர்வையை இழுத்துக்கொண்டு போகிறது. பின்னதில் அந்த இழுவிசை 26 மில்லிபாராகக் குறைந்துவிடுகிறது. அதாவது அதே ஆள், அதே வேகத்தில், அதே அளவு வியர்த்தாலும், ஆவியாவதற்கான வாய்ப்பு ஏறக்குறையப் பாதியாகிவிடுகிறது.

ஈரப்பதச் சதவீதத்தைப் பார்ப்பவர்கள் ஏமாறும் இடமும் இதுதான். விடியற்காலையில் 25 டிகிரி வெப்பநிலையும் 95 சதவீத ஈரப்பதமும் இருக்கும். நண்பகலில் வெப்பநிலை 33 டிகிரிக்கு ஏறி, ஈரப்பதம் 60 சதவீதமாக இறங்கும். காற்று உலர்ந்துவிட்டது என்று தோன்றும். ஆனால் இரு வேளைகளிலும் பனிநிலை 24 டிகிரிதான், காற்றிலுள்ள நீராவி சற்றேறக்குறைய அதே அளவுதான். விடியலில் ஓடுவதால் வெயில் இல்லை, காற்றின் வெப்பமும் குறைவு என்ற இரண்டு நன்மைகள் உண்டு. அவற்றைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. எனினும் வியர்வை ஆவியாவதைப் பொறுத்தவரை விடியல் எந்தச் சலுகையும் தருவதில்லை. பனிநிலை 15-க்குக் கீழே இருந்தால் நான் வழக்கமான வேகத்தில் ஓடுவேன். 20-ஐ நெருங்கினால் வேகத்தைக் குறைப்பேன். 24 என்றால் கடிகாரத்தில் வேகம் காட்டும் பக்கத்தையே மறைத்துவிடுவேன். இவை என் உடலைக் கவனித்து நான் வகுத்துக்கொண்ட வரம்புகள்; மற்றவர்களுக்கு ஓரிரு டிகிரி முன்பின்னாக இருக்கலாம்.

போட்டி நடத்துபவர்கள் வேறோர் அளவைப் பயன்படுத்துகிறார்கள். ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டும் ஈரக்குமிழ் வெப்பநிலையில் 70 சதவீதம், வெயிலில் வைத்த கருங்கோள வெப்பமானி காட்டுவதில் 20 சதவீதம், நிழலில் உள்ள காற்றின் வெப்பநிலையில் 10 சதவீதம் என மூன்றையும் கூட்டிப் பெறும் அந்தக் குறியீடு, 1950-களில் அமெரிக்க மரைன் படைப் பயிற்சி முகாம்களில் புதிய வீரர்கள் வெப்பத்தால் சரிந்து விழுவதைத் தடுப்பதற்காக உருவாக்கப்பட்டது. ஈரத்துக்கு அதில் தரப்பட்டிருக்கும் முக்கியத்துவத்தைக் கவனிக்க வேண்டும்: காற்றின் வெறும் வெப்பநிலைக்குப் பத்தில் ஒரு பங்கு, ஈரத்தை உணரும் குமிழுக்குப் பத்தில் ஏழு பங்கு. தொடக்க இடத்தில் பச்சை, மஞ்சள், சிவப்பு, கறுப்புக் கொடிகள் கட்டப்பட்டிருந்தால், அவை பெரும்பாலும் இந்தக் குறியீட்டைக் கொண்டே கட்டப்பட்டிருக்கும்.

உலகின் முதல்தர ஓட்டக்காரர்களுக்கும் இந்தக் கணக்கிலிருந்து விலக்கு இல்லை. 2019-ஆம் ஆண்டு தோஹாவில் நடந்த உலகத் தடகளப் போட்டியில், வெயிலைத் தவிர்ப்பதற்காகப் பெண்கள் மாரத்தானை செப்டம்பர் 27 அன்று இரவு 11:59 மணிக்குத் தொடங்கினார்கள். வெயில் இல்லாமற்போனதே தவிர ஈரம் எங்கும் போய்விடவில்லை. நள்ளிரவிலும் வெப்பம் 30 டிகிரியைத் தாண்டியிருந்தது, ஈரப்பதம் 70 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. புறப்பட்ட 68 பேரில் 40 பேர் மட்டுமே முடித்தார்கள். வென்ற ரூத் செப்ங்கெட்டிச்சின் நேரம் 2 மணி 32 நிமிடம் 43 விநாடி; அவரே அவ்வாண்டு ஜனவரியில் துபாயில் 2 மணி 17 நிமிடம் 8 விநாடியில் ஓடியவர். ஒரே ஆண்டில், ஒரே கால்கள், கால் மணி நேரத்துக்கும் மேல் வித்தியாசம். டோக்கியோ ஒலிம்பிக்கின் மாரத்தானை வெப்பத்துக்கு அஞ்சி வடக்கே சப்போரோவுக்கு மாற்றினார்கள். அங்கும் 2021 ஆகஸ்ட் 8 அன்று ஆண்கள் ஓட்டத்தில் புறப்பட்ட 106 பேரில் 30 பேர் இடையில் விலகினார்கள். அன்று வென்ற எலியுட் கிப்சோகே, தம் அன்றைய உலகச் சாதனையைவிட ஏறக்குறைய ஏழு நிமிடம் மெதுவாக ஓடினார். அவருக்கே ஏழு நிமிடம் என்றால், அவரைவிட இரண்டு மடங்கு நேரம் சாலையில் நிற்கிற நமக்கு எத்தனை நிமிடம் என்று யோசித்துப் பார்ப்பதில் தவறில்லை. மெதுவாக ஓடுபவர்களே வெப்பத்தால் கூடுதலாகப் பாதிக்கப்படுகிறார்கள். முன்னணி வீரர்கள் முடித்துவிட்டுக் கால் நீட்டி அமர்ந்திருக்கும் வேளையில்தான் நம் இரண்டாம் பாதியே தொடங்குகிறது. வெயிலும் அப்போதுதான் உச்சிக்கு வருகிறது.

ஆவியாதல் தடைபட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒலிம்பிக் வரலாற்றில் ஒரு துயரமான சான்று உண்டு. 1912-இல் ஸ்டாக்ஹோமில், வெயில் கொளுத்திய ஒரு நாளில், போர்ச்சுகலைச் சேர்ந்த பிரான்சிஸ்கோ லாசரோ மாரத்தானின் பிற்பகுதியில் சுருண்டு விழுந்து மறுநாள் காலையில் இறந்தார். வெயிலிலிருந்து தோலைக் காப்பதற்காக அவர் உடலின் பெரும்பகுதியில் கொழுப்புப் பூச்சு பூசியிருந்ததாகவும், அது வியர்வைக்கு வழியில்லாமல் செய்துவிட்டதாகவும் சொல்லப்படுகிறது. ஈரம் செறிந்த காற்று நம்மை அந்த அளவுக்கு அடைப்பதில்லை என்றாலும், அது செயல்படும் விதம் இதே திசையில்தான்.

என் ஓட்டத்துக்கு வருகிறேன். எட்டாவது கிலோமீட்டரைக் கடப்பதற்குள் சட்டையில் உலர்ந்த நூல் ஒன்றுகூட இல்லை. அரைக்கால் சட்டையின் ஓரத்திலிருந்து வியர்வை முழங்காலின் பின்புறமாக வழிந்து, கெண்டைக்கால் வழியாக இறங்கி, காலுறையை நனைத்து, காலணிக்குள் தேங்கத் தொடங்கியிருந்தது. பதினைந்தாவது கிலோமீட்டருக்குள் ஒவ்வோர் அடிக்கும் ‘சளக், சளக்’ என்று ஓசை; அந்த ஓசை எனக்கு மட்டும் உரியதாக இல்லை, சுற்றிலும் ஓடிய எல்லோருடைய காலணிகளும் அதே தாளத்தில் ஒலித்துக்கொண்டிருந்தன. கடிகாரத்தின் தொடுதிரையை ஈரவிரல் எத்தனை முறை தேய்த்தாலும் அது அசையவில்லை. காலணிக்குள் நீர் தேங்கினால் கொப்புளம் உறுதி என்பதால், உள்ளங்கால் விளிம்பிலும் விரலிடுக்குகளிலும் பெட்ரோலியம் ஜெல்லியைத் தாராளமாகப் பூசியிருந்தேன். அக்குள், உள்தொடை, மார்புக்காம்பு ஆகிய இடங்களையும் விடவில்லை. உடை விஷயத்தில் இதைத் தவிரப் பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. மெல்லிய, வெளிர்நிறச் சட்டையும் மேற்புறம் திறந்த தொப்பியும் போதும்; உடலைக் குளிர்விப்பதாக விளம்பரம் செய்யப்படும் துணிகளில் காசைக் கொட்டுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை, ஏனென்றால் சுற்றியுள்ள காற்று ஈரத்தை வாங்கிக்கொள்ளாவிட்டால் எந்தத் துணியாலும் அதை வாங்கவைக்க முடியாது.

வேகத்தைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும். புழுக்கத்தில் ஓடும்போது ஒரே இரத்தத்துக்கு இரண்டு இடங்களிலிருந்து அழைப்பு வருகிறது: தசைகளுக்கு உயிர்வளி வேண்டும், தோலுக்கு வெளியேற்றுவதற்கான வெப்பம் வந்துசேர வேண்டும். வியர்வையால் இரத்தத்தின் நீர்ப்பகுதி குறையக் குறைய, இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் வெளியேற்றும் அளவு குறைகிறது. அதை ஈடுகட்டுவதற்காகத் துடிப்பின் எண்ணிக்கை ஏறுகிறது. அதனால் ஒரே வேகத்தில் ஓடினாலும், முதல் மணி நேரத்தில் 145 ஆக இருந்த துடிப்பு மூன்றாவது மணி நேரத்தில் 160-ஐத் தாண்டிவிடும். முதல் பத்துக் கிலோமீட்டரில் இந்த ஏற்றம் கண்ணுக்குத் தெரியாது என்பதுதான் ஆபத்து. உடல் இன்னும் சூடேறி முடிக்கவில்லை, கால்கள் புத்துணர்வோடு இருக்கின்றன, சுற்றிலும் ஆரவாரம். எனவே குளிர்காலத்து வேகம் இயல்பாகவே கைகூடுவது போலத் தோன்றும். அப்போது சேர்த்துக்கொண்ட வெப்பத்தைப் பிறகு இறக்கிவைப்பது அரிது. இருபத்தைந்தாவது கிலோமீட்டருக்குப் பிறகு வேகத்தைக் குறைப்பவர்கள், குறைக்க வேண்டிய நேரம் கடந்துபோன பிறகு, வேறு வழியில்லாமல் குறைப்பவர்கள்.

ஆகவே நான் நிர்ணயித்துக்கொண்டது ஒரே ஒரு வரம்பு. முதல் பாதியில் இதயத் துடிப்பு 145-ஐத் தாண்டக் கூடாது. தாண்டினால், அது இறங்கும்வரை நடை. அந்த வரம்பு எந்த வேகத்தைத் தருகிறதோ அதுவே அன்றைய வேகம். நான்கு மணி நேரத்தில் முடிக்க விரும்புபவர்களுக்காக அந்த நேரத்தைக் குறித்த கொடியோடு ஓடும் வேக வழிகாட்டியின் (pacer) கூட்டம் மூன்றாவது கிலோமீட்டரிலேயே என்னைக் கடந்து போனது. வழக்கமாக அந்தக் கூட்டத்தோடு நானும் போவேன், அன்று போகவிட்டேன். அப்படி விட்டதில் இன்னொரு நன்மையும் இருந்தது. நாற்பது ஐம்பது பேர் நெருக்கியடித்து ஓடும் கூட்டத்தின் நடுவே காற்று அசையாது. ஒவ்வொருவரும் வெளியிடும் ஈரமும் வெப்பமும் அங்கேயே சுழன்றுகொண்டிருக்கும். தோலை ஒட்டி நிற்கும் ஈரப்படலத்தைக் கலைத்துவிடக் காற்றோட்டம் தேவை. அதனால் வளைவுகளில் சில மீட்டர் கூடுதலாக ஓட நேர்ந்தாலும், நான் சாலையின் ஓரமாக, ஆள் இல்லாத பகுதியாகப் பார்த்தே ஓடினேன். எதிர்க்காற்று அடித்த பகுதிகளில் பலரும் முகம் சுளித்தார்கள்; எனக்கு அந்தக் கிலோமீட்டர்களில்தான் துடிப்பு நான்கைந்து எண்ணிக்கை இறங்கியது.

தண்ணீரைப் பொறுத்தவரை இரண்டு எதிரெதிர் அறிவுரைகள் உலவுகின்றன: தாகம் எடுக்கும் முன்பே குடித்துக்கொண்டே இரு என்பது ஒன்று, தாகம் எடுத்தால் மட்டும் குடி என்பது மற்றொன்று. இரண்டையும்விடத் தராசை நம்புவதே மேல் என்பது என் கருத்து. பயிற்சியில் ஒரு மணி நேரம் ஓடுவதற்கு முன்னும் பின்னும், வியர்வையைத் துடைத்துவிட்டு உடையில்லாமல் எடை பார்த்தால், குறைந்த ஒவ்வொரு கிலோவும் ஏறத்தாழ ஒரு லிட்டர் வியர்வைக்குச் சமம்; இடையில் குடித்திருந்தால் அதையும் கூட்டிக்கொள்ள வேண்டும். பனிநிலை 24-இல் எனக்கு மணிக்கு ஒரு லிட்டருக்குச் சற்று மேலே போகிறது. அவ்வளவையும் திரும்பக் குடிப்பது முடியாத காரியம். இரைப்பையின் வேலை வெப்பத்தில் மந்தமாகிறது. குடித்த நீர் வயிற்றில் குலுங்கிக்கொண்டே வரும், பிறகு குமட்டும். நான் மணிக்கு 600 மில்லி என்ற அளவோடு நிறுத்திக்கொண்டேன். முடிவில் எடையில் இரண்டு கிலோ குறைந்திருந்தது. அதை நான் பொருட்படுத்தவில்லை.

எடை கூடியிருந்தால்தான் கவலைப்பட வேண்டும். வியர்வையில் லிட்டருக்கு அரை கிராம் முதல் ஒன்றரை கிராமுக்கு மேல்வரை சோடியம் வெளியேறுகிறது. ஆளுக்கு ஆள் இது பெரிதும் மாறுபடும். சட்டையிலும் தொப்பியிலும் வெள்ளைக் கோடுகளாக உப்புப் படிபவர்கள் மேல்வரம்பை ஒட்டியவர்கள். உப்பு வெளியேறிக்கொண்டிருக்கும்போது வெறும் தண்ணீரை அளவின்றிக் குடித்தால், இரத்தத்தில் சோடியத்தின் செறிவு இறங்கி, மூளை வீங்கும் நிலைவரை போகலாம். 2002-ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தானை முடித்தவர்களில் 488 பேரின் இரத்தத்தைச் சோதித்தபோது, 13 சதவீதத்தினருக்குச் சோடியம் இயல்பளவுக்குக் கீழே இருந்தது. ஓட்டத்தின்போது எடை கூடியதற்கும் இதற்கும் நெருங்கிய தொடர்பு தெரிந்தது. விளையாட்டுப் பானம் குடித்தால் தப்பிவிடலாம் என்று எண்ணுவதும் சரியன்று. அவற்றிலும் சோடியம் பெரும்பாலானோரின் வியர்வையில் இருப்பதைவிடக் குறைவுதான் என்பதால், அளவு மீறினால் விளைவு ஒன்றே. ஓட்டத்துக்கு முன் வலிநிவாரணி மாத்திரை விழுங்கும் பழக்கம் உள்ளவர்கள் அதை விட்டுவிடுவது நல்லது; வெப்பத்தில் ஏற்கெனவே இரத்தம் குறைந்துபோயிருக்கும் சிறுநீரகத்துக்கு இபுபுரோஃபென் போன்றவை கூடுதல் சுமை.

குடிப்பதைவிட எனக்குக் கைகொடுத்தது பனிக்கட்டிதான். ஈரக்காற்றில் தலையில் தண்ணீரை ஊற்றிக்கொள்வதால் கிடைக்கும் குளிர்ச்சி ஒரு நிமிடம்கூட நிற்பதில்லை, ஏனெனில் ஊற்றிய நீரும் வியர்வையைப் போலவே ஆவியாக வழியின்றி வடிந்துவிடுகிறது. பனிக்கட்டி அப்படி இல்லை. அது ஆவியாதலை நம்பியிருக்கவில்லை. ஒரு கிலோ பனிக்கட்டி உருகுவதற்கே 80 கிலோகலோரி வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது, அதுவும் காற்றில் எவ்வளவு ஈரம் இருந்தாலும். தண்ணீர் மேசைகளில் பனிக்கட்டி கிடைத்த இடங்களில் ஒரு கைப்பிடியைத் தொப்பிக்குள் போட்டுக் கவிழ்த்துக்கொண்டேன். இன்னொரு கைப்பிடியை மெல்லிய துணியில் சுருட்டிப் பிடரியில் கட்டிக்கொண்டேன். இரண்டு துண்டுகளை உள்ளங்கைகளில் பிடித்துக்கொண்டே ஓடினேன். தொப்பிக்குள் இருந்த கட்டிகள் காதோரமாகச் சில்லென்று வடிந்து தீர ஒன்றரைக் கிலோமீட்டர் ஆனது. தொடங்குவதற்கு அரை மணி நேரத்துக்கு முன்பு, நொறுக்கிய பனிக்கட்டி கலந்த பானம் அரை லிட்டரை மெல்லக் குடித்திருந்ததும் உதவியது. அது உடலுக்குள் சென்று உருகும்போது, சூடேறத் தொடங்குவதற்கு முன்பே ஒரு சிறிய இடைவெளியை உண்டாக்கித் தருகிறது.

இவையெல்லாம் அன்றைய நாளுக்கான ஏற்பாடுகள். உடலையே வெப்பத்துக்குப் பழக்குவதற்குப் பத்து முதல் பதினான்கு நாட்கள் வேண்டும். நாள்தோறும் ஒரு மணி நேரம் அல்லது ஒன்றரை மணி நேரம் வெப்பத்தில் மெதுவாக ஓடினால், முதல் வாரத்திலேயே இரத்தத்தின் நீர்ப்பகுதி கூடி, அதே வேகத்துக்கு இதயத் துடிப்பு குறைவதைக் காணலாம். அதன்பின் வியர்வை சீக்கிரமே சுரக்கத் தொடங்கும். அதில் உப்பின் அளவு குறையும். ஓய்விலிருக்கும்போதே உள்வெப்பநிலை சற்றுத் தாழ்ந்திருக்கும். ஈரக்காற்றில் கூடுதல் வியர்வையால் பெரிய பயன் இல்லை என்பது உண்மைதான். ஆனால் கூடிய இரத்தமும் தாழ்ந்த உள்வெப்பமும் எங்கும் பயன்படும். குளிரூட்டிய அறையில் ஓடுபொறிமீது மட்டும் பயிற்சி செய்துவிட்டு வருபவர்கள் தடுமாறுவது இதனால்தான். வெப்பத்தில் ஓட வழியில்லாதவர்கள், பயிற்சி முடிந்த கையோடு 40 டிகிரி வெந்நீர்த் தொட்டியில் அரை மணி நேரம் கழுத்தளவு அமர்ந்தாலும் ஓரளவு பலன் கிடைக்கும்; தலைசுற்றினால் எழுந்துவிட வேண்டும், பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும். பழகிய உடல், பயிற்சியை விட்டுவிட்டால் சில வாரங்களில் அந்தப் பழக்கத்தை மறந்துவிடும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

முப்பத்து நான்காவது கிலோமீட்டரில் எனக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்த ஒருவர் நேர்க்கோட்டில் ஓடவில்லை என்பதைக் கவனித்தேன். முதலில் வலப்பக்கம் சாய்ந்தார். பிறகு காரணமே இல்லாமல் இடப்பக்கத் தடுப்பை நோக்கிப் போனார். நெருங்கிச் சென்று, “உங்களுக்கு ஒன்றும் இல்லையே?” என்று கேட்டேன். “ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை” என்றார், ஆனால் என்னைப் பார்க்காமல். எத்தனையாவது கிலோமீட்டர் இது என்று கேட்டதற்கு, “இன்னும் தொடங்கவே இல்லையே” என்று பதில் வந்தது. அவருடைய கை நனைந்திருந்தது, அனலாகச் சுட்டது. இன்னொரு ஓட்டக்காரரின் உதவியோடு அவரை நிழலில் அமர்த்தித் தன்னார்வலர்களைக் கூவி அழைத்தோம். அவர் எழுந்து ஓடுவதற்குப் போராடினார். ‘பதக்கம், பதக்கம்’ என்றே சொல்லிக்கொண்டிருந்தார். மேசையிலிருந்த பனிக்கட்டி வாளி வந்ததும், துண்டுகளை அதில் நனைத்து அவர் கழுத்திலும் அக்குளிலும் தொடை இடுக்கிலும் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டே இருந்தோம். மருத்துவக் குழு வந்து, அருகிலிருந்த கூடாரத்தில் அவரைப் பனிநீர்த் தொட்டியில் இறக்கியது. பிற்பகலில் அவர் எழுந்து உட்கார்ந்து பேசுவதாகத் தன்னார்வலர் ஒருவர் சொன்னார்.

ஹீட் ஸ்ட்ரோக்கைக் கண்டுகொள்வதற்கு உள்வெப்பநிலை 40 டிகிரியைத் தாண்டியிருப்பதோடு, அறிவு தடுமாறுவதே முக்கியமான அடையாளம்: தள்ளாட்டம், பொருத்தமில்லாத பதில், எரிச்சல், அடம். தோல் உலர்ந்திருந்தால்தான் ஹீட் ஸ்ட்ரோக் என்று பலரும் இன்றும் நம்புகிறார்கள். ஓடி ஓடி வருகிற ஹீட் ஸ்ட்ரோக்கில் தோல் பெரும்பாலும் வியர்வையில் தொப்பலாக நனைந்தே இருக்கும். 1984-இல் லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில், பெண்களுக்கான முதல் ஒலிம்பிக் மாரத்தானில், சுவிட்சர்லாந்தின் கேப்ரியேலா ஆண்டர்சன்-ஷீஸ் உடல் ஒருபக்கமாகக் கோணிக்கொண்டு, கடைசி 400 மீட்டரைக் கடக்க ஐந்து நிமிடத்துக்கும் மேல் எடுத்துக்கொண்டார். அவருக்கு இன்னும் வியர்க்கிறது என்பதைக் கண்டே மருத்துவர்கள் அவரைத் தொடர அனுமதித்தார்கள். அவர் முடித்தார், விரைவில் தேறியும் விட்டார். இன்றைய அறிவை வைத்துப் பார்த்தால், அந்த வியர்வையை அத்தனை தூரம் நம்பியிருக்கக் கூடாது என்றே எனக்குத் தோன்றுகிறது. அரங்கம் முழுவதும் எழுந்து கைதட்டிய காட்சி அது என்பதால் இதைச் சொல்லத் தயக்கமாகத்தான் இருக்கிறது. நெற்றியிலோ காதிலோ வைக்கும் வெப்பமானிகள் ஓடி வந்தவரின் உள்வெப்பத்தைச் சரியாகக் காட்டுவதில்லை என்பதால், மருத்துவக் குழுவினர் ஆசனவாய் வெப்பமானியையே நம்புகிறார்கள். அவசர ஊர்திக்காகக் காத்திருந்து நேரத்தை இழப்பதைவிட, இருக்கும் இடத்திலேயே அரை மணி நேரத்துக்குள் உடலைக் குளிர்விப்பதுதான் உயிரைக் காக்கும். முதலில் குளிர்விப்பு, அதன் பிறகே மருத்துவமனை.

மீதமிருந்த எட்டுக் கிலோமீட்டரை, ஒரு கிலோமீட்டர் ஓட்டம், இருநூறு மீட்டர் நடை என்ற முறையில் முடித்தேன். துடிப்பின் வரம்பை இந்தக் கட்டத்தில் 160 ஆக உயர்த்தியிருந்தேன். முதல் பாதியைவிட இரண்டாம் பாதி ஒன்பது நிமிடம் அதிகம். அதில் பெரும்பகுதி அந்த ஓட்டக்காரரின் அருகில் நின்ற நேரம். காலையில் என்னைக் கடந்துபோன கொடியை முப்பத்தெட்டாவது கிலோமீட்டருக்கு அருகில் பார்த்தேன். கொடி ஏந்தியவரைச் சுற்றி அப்போது மூன்று பேர் மட்டுமே இருந்தார்கள், நால்வரும் நடந்துகொண்டிருந்தார்கள்.

முடிவுக்கோட்டைக் கடந்ததும் நின்றுவிடக் கூடாது. தோலின் இரத்தக்குழாய்கள் விரிந்திருக்கும் நிலையில், கால்தசைகள் இயங்குவதை நிறுத்தினால் இரத்தம் காலிலேயே தேங்கி, தலைசுற்றி விழ நேரும். கோட்டைத் தாண்டிய பிறகு மயங்குபவர்களில் பலர் இந்தக் காரணத்தால் மயங்குபவர்களே. அவர்களைப் படுக்கவைத்துக் காலை உயர்த்திப் பிடித்தால் சில நிமிடங்களில் தெளிந்துவிடுவார்கள். தெளியாவிட்டாலோ, பேச்சு குழறினாலோ அது வேறு விஷயம், உடனே மருத்துவக் குழுவிடம் ஒப்படைக்க வேண்டும். நான் பதினைந்து நிமிடம் மெதுவாக நடந்தேன், உப்புச் சேர்த்த பானத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தேன், ஈரக் காலுறைகளைக் கழற்றிவிட்டுப் பாதங்களைத் துடைத்தேன். வெளுத்துச் சுருங்கிப்போயிருந்தாலும் கொப்புளம் எதுவும் இல்லை. என் ஓட்டக் குறிப்பேட்டில் நேரத்துக்கு எதிரே பனிநிலை என்றொரு கட்டம் வைத்திருக்கிறேன், நேரங்களை அந்தக் கட்டம் ஒத்துப்போகிற ஓட்டங்களோடு மட்டுமே ஒப்பிடுகிறேன். அப்படிப் பார்த்தால், 23-க்கு மேல் பதிவாகியுள்ள என் மாரத்தான்களில் இதுவே வேகமானது. எடை பழைய நிலைக்குத் திரும்பவும், காலையில் எழுந்ததும் எடுக்கும் துடிப்பு வழக்கமான அளவுக்கு இறங்கவும் நான்கு நாட்கள் ஆயின. ஐந்தாம் நாள் அரை மணி நேரம் மெதுவாக ஓடினேன்.